துணி எதைக் குறிக்கிறது? – ரெனே மக்ரித்தின் 'காதலர்கள்' ஓவியத்தை முன்வைத்து

நமது சஞ்சிகைகளில் சர்ரியலிசம் பற்றி வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கின்றன: சல்வடோர் டாலியின் உருகி வழியும் கடிகாரங்கள். 1931இல் வரையப்பட்ட அந்த ஓவியம், விரித்து வைத்த அப்பியாசக் கொப்பி ஒன்றின் அளவுதான் இருக்கும்; 24 சென்ரிமீற்றர் உயரம், 33 சென்ரிமீற்றர் அகலம். அதை முன்வைத்துக் கட்டுரையாளர் எழுதுவார்: கடிகாரம் காலத்தைக் குறிக்கிறது, அது உருகுவது ஐன்ஸ்டைனின் சார்புக் கோட்பாட்டைக் குறிக்கிறது, எறும்புகள் அழிவைக் குறிக்கின்றன. மூன்று சமன்பாடுகள் எழுதியாகிவிட்டன. ஓவியத்தின் கதை முடிந்தது. அடுத்த பந்தியில் கட்டுரையாளர் வேறோர் ஓவியத்துக்குப் போய்விடுவார்.

டாலியோ 1942இல் வெளியான தன் சுயசரிதையில், இராச் சாப்பாட்டின் பின் இளகிப்போன ஒரு பாற்கட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததிலிருந்தே அந்தக் கடிகாரங்கள் பிறந்ததாக எழுதியிருக்கிறார். அவர் சொல்லை வேதவாக்காக எடுக்க வேண்டும் என்பதில்லை. விளம்பரப் பிரியரான அவர் இன்னொரு நாள் இன்னொரு கதை சொல்லக்கூடியவர். ஆனால் ஐன்ஸ்டைனிலும் பார்க்க அந்தப் பாற்கட்டி எனக்கு உதவியாக இருக்கிறது. கடினமாக இருக்க வேண்டிய ஒன்று இளகிக் கிடக்கிறது என்ற உணர்வை அது விரலுக்குத் தருகிறது. சமன்பாடு அந்த உணர்வையே முதலில் அழித்துவிடுகிறது.

குறியீட்டு வாசிப்பு என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருப்பது உண்மையில் வாசிப்புத்தானா, அல்லது பார்க்காமல் தப்பிப் போவதற்கு ஒரு மரியாதையான வழியா என்ற சந்தேகம் எனக்குப் பல காலமாக உண்டு. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த குறிப்புகளிலும் இதே பழக்கம்தான் இருந்தது. 'புறா – சமாதானம், பாலைவனம் – வெறுமை, விளக்கு – அறிவு' என்று இரண்டு நிரலாக எழுதி மனனம் செய்தோம். இப்போது அதே நிரல்களை எங்கள் மாணவர்கள் எழுதுகிறார்கள். பரீட்சைக்கு அது போதும். ஓர் ஓவியத்தின் முன்னால் நிற்க அது போதுமா என்பதே இங்கு என் கேள்வி. அதற்கு டாலியை விட, பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் (1898–1967) பொருத்தமானவர் என்று நினைக்கிறேன். சர்ரியலிஸ்டுகளுக்குள்ளே, தன் ஓவியத்தில் குறியீடு தேடுவோரை அவரளவு பகிரங்கமாகக் கோபித்துக்கொண்டவர்கள் குறைவு.

நான் எடுத்துக்கொள்ளும் ஓவியம் 1928இல் அவர் வரைந்த 'காதலர்கள்'. மக்ரித் அப்போது பாரிஸை அண்டிய சிற்றூர் ஒன்றில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஓவியம் இன்று நியூயோர்க் நவீன ஓவிய நூதனசாலையில் இருக்கிறது. நான் பார்த்திருப்பது அச்சுப் பிரதிகளைத்தான். நம்மில் அநேகருக்கும் அப்படித்தான். ஓர் ஆணும் பெண்ணும் ஓர் அறையில் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிறது. அவன் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்திருக்கிறான். அவள் கையில்லாத சிவப்பு ஆடை அணிந்திருக்கிறாள். பின்னால் சுவர், மேலே கூரையோரத்தில் வீடுகளில் காணும் சாதாரண அலங்கார விளிம்பு. எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. இருவர் தலைகளும் மட்டும் வெண்ணிறத் துணியால் முழுவதுமாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. முகத்தில் துணி ஒட்டி நிற்கிறது. மூக்கின் மேடு தெரிகிறது. உதடும் உதடும் துணிக்கு மேலால் சந்திக்கின்றன.

(உருவப்படம் பற்றிய மார்க்கச் சர்ச்சையை இங்கு கிளப்ப நான் விரும்பவில்லை. முகமே இல்லாத ஓவியம் இது என்று நண்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.)

இந்தத் துணி எதைக் குறிக்கிறது? மேற்கே அதிகம் புழக்கத்திலுள்ள பதில் ஒரு மரணத்தைச் சுட்டுகிறது. 1912 பெப்ரவரியில், மக்ரித்துக்குப் பதின்மூன்று வயதாயிருக்கும்போது, அவரது தாயார் ஒரு நாளிரவு வீட்டைவிட்டு வெளியேறிச் சாம்ப்ர் ஆற்றில் விழுந்து உயிர்மாய்த்துக்கொண்டார். உடல் மார்ச்சில்தான் கிடைத்தது. ஆற்றிலிருந்து எடுத்தபோது அவரது இரவு அங்கி மேலேறி முகத்தை மூடியிருந்தது என்றும், அதைச் சிறுவன் நேரில் கண்டான் என்றும், அந்தக் காட்சிதான் பதினாறு வருடம் கழித்து 'காதலர்க'ளாக வந்தது என்றும் சொல்வார்கள். நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் மக்ரித்தைப் பற்றி விரிவாக ஆய்வு செய்த டேவிட் சில்வெஸ்டர் போன்றோர் இதை ஐயுறுகிறார்கள். உடல் கிடைத்த இடத்தில் சிறுவன் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. முகத்தை மூடிய அங்கி பற்றிய பேச்சு அந்த வீட்டில் வேலைக்கிருந்த பெண்ணின் வாய்வழி வந்திருக்கலாம் என்கிறார்கள். மக்ரித்தும் தன் ஓவியங்களை அந்த மரணத்தோடு முடிச்சுப் போடுவதை விரும்பவில்லை.

கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தாயின் மூடிய முகத்தைக் கண்ட பிள்ளை, அதை ஏன் இரண்டு பேருக்குப் போர்த்த வேண்டும்? அவர்களை ஏன் முத்தமிட வைக்க வேண்டும்? வாழ்க்கை வரலாறு துணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லக்கூடும். அந்தத் துணி இங்கே என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. வந்த வழியும் செய்யும் வேலையும் ஒன்றல்ல. நமது விமர்சனத்தில் இவை இரண்டும் ஓயாமல் குழம்பிக் கிடக்கின்றன. கவிஞனின் மனைவி மௌத்தாகியிருந்தால் அவன் எழுதும் ஒவ்வொரு மரமும் அவளாகிவிடுகிறது.

வாழ்க்கை வரலாற்றைத்தான் தேட வேண்டுமென்றால் எனக்கு இன்னொரு செய்தி கூடுதல் சுவையாகத் தெரிகிறது. மக்ரித்தின் தந்தை தையற்காரர், துணி வியாபாரி. தாய் திருமணத்துக்கு முன் தொப்பி தைப்பவராக இருந்தவர். துணியும் தொப்பியும் புழங்கிய வீட்டில் பிறந்தவன் பிற்காலத்தில் வரைந்தது துணி மூடிய தலைகளையும், தொப்பி போட்ட மனிதர்களையும்தான். இதையும் ஒரு திறவுகோலாக்கிவிடலாம். யாரும் ஆக்கவில்லை. மரணத்திலுள்ள கவர்ச்சி தையற் தொழிலுக்கு இல்லைப் போலும்.

வேறு பதில்களும் உண்டு. காதலுக்குக் கண்ணில்லை, எத்தனை நெருங்கினாலும் ஒருவரையொருவர் அறிய முடியாது, அடக்கப்பட்ட இச்சை. மக்ரித் விரும்பிப் பார்த்த 'ஃபந்தோமாஸ்' என்ற மர்மத் தொடர்க் கதையின் முகமூடித் திருடனிலிருந்து வந்தது என்போரும் உள்ளனர். நாம் பார்த்தால்? எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கபன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. வெள்ளைத் துணியால் தலை சுற்றப்பட்ட ஒரு மனித வடிவத்தை நம் ஊரில் வளர்ந்த ஒருவன் வேறெப்படிப் பார்ப்பான்? மையித்தைக் கபனிட்ட பின், முகம் பார்க்க விரும்புவோர் பார்த்து முடியத் துணியை இழுத்து மூடும் அந்தக் கணம் நம் எல்லோருக்கும் தெரியும். இன்னும் சில நண்பர்கள் நிகாப் என்பார்கள். தமிழ் சூபிப் பாடல்களில் ஊறியவர்கள் ஆன்மாவுக்கும் ரப்புக்கும் இடையிலுள்ள திரை என்பார்கள்.

இந்தப் பதில்களையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. ஒவ்வொருவரும் தம் வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து அந்தத் தலைகளில் சுற்றியிருக்கிறோம். ஓவியத்திலுள்ள துணியை யாரும் பார்க்கவில்லை.

சர்ரியலிசத்துக்கும் இந்தப் பழக்கத்துக்கும் உள்ள உறவு இயல்பானதுதான். 1924இல் அதன் முதலாவது அறிக்கையை எழுதிய ஆந்த்ரே பிரெத்தோன், ஃபிராய்டைக் கற்றவர். கனவையும் நனவிலியையும் கலையின் சுரங்கமாகக் கண்டவர். ஆகவே சர்ரியலிச ஓவியம் என்றால் கனவு. கனவு என்றால் பலன் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. 'பல் விழுந்தால் இன்னது, பாம்பு கண்டால் இன்னது' என்று கனவுப் பலன் நூல்களில் இருப்பதுபோல. ஆனால் ஃபிராய்டே தன் கனவு நூலின் தொடக்கத்தில் இந்த அகராதி முறையைத் தள்ளிவைக்கிறார். கனவு கண்டவனிடமே ஒவ்வொரு துண்டையும் பற்றி அவன் மனதில் எழுவதைக் கேட்க வேண்டும் என்கிறார். பின்னைய பதிப்புகளில் அவரே ஒருவகை அகராதியைப் பெருக்கிக்கொண்டு போனார் என்பது வேறு விடயம். ஓவியத்திடம் அப்படிக் கேட்கவும் முடியாது. யூசுஃப் நபி (அலை) அவர்கள் கண்ட பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் இன்னாரென்று தெளிவானது, அந்தச் சம்பவம் கண்முன்னே நடந்தேறிய பின்புதான். அவர்களுக்கு அளிக்கப்பட்ட அந்த இல்மு விமர்சகனுக்கு அளிக்கப்படவில்லை.

மக்ரித்துக்கு ஃபிராய்டின் சீடர்களோடு ஒரு மோதல் நடந்தது. 1935இல் அவர் 'செந்நிற மாதிரி' என்றோர் ஓவியம் வரைந்தார். ஒரு சோடிச் சப்பாத்து. மேற்பகுதி தோல், கயிறு. கீழே வர வர அது மனிதப் பாதமாக, விரலும் நகமுமாக மாறிவிடுகிறது. எங்கே தோற்சப்பாத்து முடிகிறது, எங்கே மனிதத் தோல் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. 1937இல் லண்டனில் இருந்தபோது உளப்பகுப்பாய்வாளர் இருவர் இதை ஆண்மை நீக்கம் பற்றிய அச்சம் என்று விளக்கினார்களாம். மக்ரித் இதைத் தன் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில் கேலி செய்கிறார். அவர்களுக்காகவே, அவர்களுடைய அகராதிப்படி ஒரு படம் கீறிக் கொடுத்ததாகவும் எழுதுகிறார். குறியீடு தேடுகிறவர்கள் பாதுகாப்புத் தேடுகிறவர்கள். ஓவியத்தின் மர்மம் தரும் கலக்கத்தைத் தாங்க முடியாமல் ஓடி ஒளிகிறவர்கள் என்பது அவர் பல தடவை வெவ்வேறு விதமாகச் சொல்லிவந்த கருத்து.

பாதமும் சப்பாத்தும் என்றதும் எனக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'மிஷ்காத்துல் அன்வார்' நினைவுக்கு வருகிறது. துவா பள்ளத்தாக்கில் மூஸா நபி (அலை) அவர்களிடம் பாதணிகளைக் கழற்றும்படி கட்டளை வருகிறதல்லவா? (சூறா தாஹா, 12ஆம் வசனம்.) அதை விளக்கும் இமாம், பாதணிகளைக் கழற்றுவது என்பதன் உள்ளே இரு உலகங்களின் மீதுள்ள நாட்டத்தையும் கழற்றுவது என்ற பொருள் இருப்பதாகச் சொல்கிறார். அப்படிச் சொன்ன கையோடு ஓர் எச்சரிக்கையையும் தருகிறார். மூஸா (அலை) அவர்கள் உண்மையாகவே பாதணிகளைக் கழற்றினார்கள். உட்பொருள் இருக்கிறது என்பதற்காக வெளிப்பொருளை ரத்துச் செய்வது பாத்தினிய்யாக்களின் வழி. வெளியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதும் குறைபாடு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவரே முழுமையானவர் என்பது அவர் நிலைப்பாடு. வஹியைப் பற்றிய பேச்சை ஓர் ஓவியத்துக்கு அப்படியே பொருத்துவது முறையல்ல. நான் எடுத்துக்கொள்வது அந்த ஒழுக்கத்தை மட்டுமே. பாதணி முதலில் பாதணியாக இருக்க வேண்டும். நம் குறியீட்டு விமர்சகர்கள் தம்மையறியாமல் பாத்தினிய்யாக்களாக இருக்கிறார்கள். ழாஹிரைக் கடந்து போகவில்லை. அதில் கால் வைக்கவே இல்லை.

தமிழ் மரபிலும் இதற்கு வழி இருக்கிறது. உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் இரண்டைச் சொல்கிறது. உள்ளுறையில் பொருத்தம் ஒன்றுக்கொன்று: மருத நிலத்து எருமை குளத்துத் தாமரையை உழக்கினால், எருமை தலைவன், தாமரை தலைவி. அது செல்லுபடியாவதற்குக் காரணம், பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே திணை உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்கள் என்பதே. ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியத்தில் ஆட்டுக்குட்டியும் மண்டையோடும் அப்படித்தான் இயங்கின. சர்ரியலிஸ்டுகள் அந்த உடன்படிக்கையைக் கிழித்தெறிந்தவர்கள். கிழித்த பத்திரத்தை வைத்துக்கொண்டு நாம் வழக்காட முடியாது. இறைச்சி அப்படியல்ல. அங்கே கருப்பொருள் தன்பாட்டில் நிற்கிறது. இது இன்னார் என்று ஒட்டாது. ஆனாலும் அருகிலுள்ள மனித நிகழ்ச்சியின் மேல் அதன் நிழல் விழுகிறது. இறைச்சிக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதுண்டு. நான் விளங்கிக்கொண்ட வகையில், மக்ரித்தின் துணி இறைச்சிக்குக் கிட்டியது.

சரி, அந்தத் துணி அங்கே என்னதான் செய்கிறது? முதலில் வரைந்த முறையைப் பார்க்க வேண்டும். மக்ரித் இளமையில் சுவர்க்கடதாசித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். விளம்பரச் சுவரொட்டி வரைந்து பிழைத்தவர். தூரிகையின் வேகமோ வர்ணத்தின் தடிப்போ அவரிடம் இல்லை. கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவரின் பொறுமைதான் இருக்கிறது. கோட்டை எப்படி வரைந்தாரோ சுவரை எப்படி வரைந்தாரோ அப்படியே துணியையும் வரைந்திருக்கிறார். இங்கே அதிசயம் ஒன்று இருக்கிறது என்று எந்த வர்ணமும் கூச்சலிடவில்லை. உருவகமாக வரைகிறவன் உருவகப் பொருளுக்குத் தனி வெளிச்சம் போடுவான். மக்ரித் போடவில்லை. ஆகவே அது ஒரு செய்தி அறிக்கையைப்போல் நம்மிடம் வருகிறது: இவர்கள் இருவரும், இப்படி.

அடுத்தது, அவர்கள் இருவரும் துணியைப் பொருட்படுத்தவில்லை என்பது. மூச்சுத் திணறுகிறவனின் கழுத்து இறுக்கம் இல்லை. துணியை விலக்கக் கை எழவில்லை. கைகளே சட்டகத்துக்குள் வரவில்லை. தலைகள் சாய்ந்திருக்கும் விதம் சினிமாவில் நாம் காணும் நெருக்கக் காட்சிக்குரியது. முத்தம் ஒழுங்காக நடக்கிறது. என்னை இந்த ஓவியம் இத்தனை காலமாகத் தொந்தரவு செய்வது இங்குதான். 'துணி எதைக் குறிக்கிறது?' என்று நாம் கேட்பது, 'முத்தம் ஏன் நிற்கவில்லை?' என்ற கேள்வியைக் கேட்காமலிருப்பதற்காகவே என்று தோன்றுகிறது. முதற்கேள்விக்கு விடை சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவது கேள்வி போகவிடாது. முகம் இல்லாமலும் காதல் நடக்குமா? நடப்பதைத்தான் காண்கிறோம். அப்படியானால் இதுவரை நாம் முகத்துக்கு என்ன வேலை கொடுத்து வைத்திருந்தோம்? தடை இருப்பது தெரியாமல் முத்தமிடுகிறார்களா, தெரிந்துகொண்டா? தெரிந்துகொண்டு என்றால் அது பிடிவாதமா, பழக்கமா? பத்து, இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த எந்தத் தம்பதியிடமும் கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லமாட்டார்கள்.

இதுவும் ஒரு வாசிப்புத்தானே, இதுவும் அர்த்தம் ஏற்றுவதுதானே என்று நண்பர்கள் கேட்கலாம். ஆம். அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. துணி, கோட்டு, சுவர், சாய்ந்த தலைகள் ஆகியவற்றுக்கிடையிலான உறவிலிருந்து எழும் அர்த்தம் ஒன்று; துணியை மட்டும் கத்தரித்து எடுத்து இன்னொரு பட்டியலில் ஒட்டும்போது கிடைக்கும் அர்த்தம் இன்னொன்று. முதலாவதை மற்றவருக்குச் சுட்டிக் காட்டலாம், அவர் பார்த்து மறுக்கலாம். இரண்டாவதை நம்பலாம், அல்லது நம்பாமல் விடலாம். அவ்வளவுதான்.

தலைப்புகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன. மக்ரித்தின் தலைப்புகளை ஓவியம் முடிந்த பின் நண்பர்கள் கூடியிருந்து வைப்பது வழக்கம். 1953இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தில், வட்டத் தொப்பியும் கறுப்பு மேலங்கியும் அணிந்த எண்ணற்ற மனிதர்கள் ஒரு நகரத்து வீடுகளுக்கு முன்னால் ஆகாயத்தில் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். அதன் பெயர் 'கோல்கொண்டா'. குதுப் ஷாஹி சுல்தான்கள் ஆண்ட, வைரத்துக்குப் பேர்போன அதே கோல்கொண்டாதான். பெயர் வைத்தவர் கவிஞர் லூயி ஸ்கூத்னேர். உடனே நம் விமர்சகருக்குக் கை துறுதுறுக்கும்: வைரம் – செல்வம் – முதலாளித்துவம் – முகமிழந்த நடுத்தர வர்க்கம். எழுதிவிடலாம். தக்காணத்துச் சுல்தான்களையும் இழுத்து வந்து கீழைத்தேயவாதம் பற்றி இரண்டு பந்தி சேர்க்கலாம்.

'காதலர்க'ளை எங்கள் பாடசாலை வகுப்பறையில் காட்ட முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'கோல்கொண்டா'வின் அச்சுப் பிரதியை ஒருமுறை தரம் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். எதைக் குறிக்கிறது என்று கேட்காமல், என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். மழை என்றார்கள் முதலில். ஒரு பையன், "சேர், இவங்க விழுறாங்களா, ஏறுறாங்களா?" என்று கேட்டான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. உண்மையில் ஓவியத்தில் அதற்குத் தடயமே இல்லை. எவருடைய மேலங்கியும் காற்றில் பறக்கவில்லை. எவருடைய தொப்பியும் கழன்று போகவில்லை. மழை என்று நாம் சொன்னது நம் பழக்கத்தினால். பின்வரிசையிலிருந்த ஒரு பிள்ளை, "எங்கட உம்மும்மா பின்னுற பன்பாயில பூ வாற மாதிரி இருக்கு சேர்" என்றாள். மக்ரித் சுவர்க்கடதாசித் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்பதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சம இடைவெளியில் ஒரே உருவை மீண்டும் மீண்டும் பதிக்கும் அந்தக் கைப்பழக்கத்தை, கையால் பின்னும் வீட்டிலிருந்து வந்த பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். மிஷேல் ஃபூக்கோ மக்ரித்தைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதியிருக்கிறார் (1973). புகைக்குழாயை வரைந்து அதன் கீழேயே இது புகைக்குழாய் அல்ல என்று எழுதிய ஓவியத்தைப் பற்றியது. சொல்லுக்கும் படத்துக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு எங்கே அறுகிறது என்று நுணுக்கமாகப் பார்த்த நூல் அது. அதைப் படித்து நான் பெற்றதையும் அந்தப் பிள்ளையின் ஒரு வாக்கியத்திலிருந்து பெற்றதையும் ஒரே வரிசையில்தான் வைப்பேன்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், குறியீடு வாசிப்பது நம் சமூகத்துக்கு வெறும் இலக்கிய விளையாட்டாக இருக்கவில்லை என்பதே. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களைத் தொடர்ந்து, 29ஆம் திகதி முதல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடுவது தடை செய்யப்பட்டது. அவசரகால நிலை அவ்வாண்டு ஓகஸ்டில் முடியும்வரை அது இருந்தது. அந்த மாதங்களில் வீதியிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் துணிக்கு ஒரே அர்த்தம்தான். மே மாதத்தில் ஒரு முஸ்லிம் பெண், தான் உடுத்தியிருந்த ஆடையில் தர்மச் சக்கரம் அச்சிடப்பட்டிருந்ததென்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டார். இரண்டு வாரங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ஆடையிலிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். சக்கரத்தின் வளையத்துக்கு வெளியே நீண்டிருக்கும் கைபிடிகளைக் கண்ணுள்ள எவரும் காணலாம். ஆனால் அர்த்தம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. கண்ணுக்கு வேலை இருக்கவில்லை.

விமர்சகனையும் கைதுசெய்தவரையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் கோபிக்க வேண்டாம். ஒருவரின் தவறால் கவிதை கெடுகிறது. மற்றவரின் தவறால் ஒரு பெண்ணின் வாழ்க்கை. தராசு ஒன்றல்ல. எனினும் இருவரிடமும் பட்டியல் கையில் இருந்தது. பொருளைப் பார்க்கும் முன்பே விடை எழுதப்பட்டிருந்தது. நம் பக்கத்திலும் நிலைமை பெரிதாக வேறல்ல. நிகாப் என்றால் கண்ணியம் என்று ஒரு சாராரும், ஒடுக்குமுறை என்று இன்னொரு சாராரும் மேடை போட்டுப் பேசினோம். கவிதைகளும் எழுதினோம். அந்தக் காலத்துக் கவிதைகளைத் திருப்பிப் பார்த்தால், துணி இருக்கிறது, துணியின் பொருள் இருக்கிறது, துணிக்குள்ளே இருந்தவளின் வியர்வை இல்லை. அவள் அன்று கடைக்கு என்ன வாங்கப் போனாள் என்பது இல்லை. கவியரங்குகளில் இப்போது சில இளைஞர்கள் கவிதைக்கு முன்னால் எழுந்து நின்று, 'இதில் வரும் பறவை புலம்பெயர்ந்த நம் சமூகம், கூடு வடபுலம்' என்று விளக்கம் தந்துவிட்டு வாசிக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு உண்மையான வீடும் உண்மையான கிணறும் இருந்தன. கூடு என்று சொன்னவுடன் அந்தக் கிணறு காணாமற் போகிறது. அந்த இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திறவுகோல் கேட்டுப் பழக்கியவர்கள் நாங்கள், ஆசிரியர்களும் விமர்சகர்களும்.

மக்ரித் சொன்னதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்பதல்ல. தன் ஓவியத்தில் குறியீடே இல்லை என்று ஓவியன் சத்தியம் செய்வதையும் ஒரு சாட்சியமாக மட்டுமே எடுக்க வேண்டும்; தீர்ப்பாக அல்ல. ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் அவர் துணி மூடிய தலையை ஒரு முறை வரைந்துவிட்டு நிறுத்தவில்லை. 'மையக் கதை' என்ற ஓவியத்தில் துணியால் தலை மூடிய பெண்ணொருத்தி தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அருகே ஊதுகுழல் வாத்தியம் ஒன்றும் ஒரு பெட்டியும். 'உயிரின் கண்டுபிடிப்பு' என்பதில் முழுதாகப் போர்த்திய உருவொன்று ஒரு பெண்ணின் பக்கத்தில் நிற்கிறது. ஒரே ஆண்டுக்குள் ஒருவர் ஒரு துணியை இத்தனை தடவை எடுத்து விரிக்கும்போது, சாம்ப்ர் ஆற்றை நினைக்காதே என்று நம்மைத் தடுக்க அவருக்கும் உரிமையில்லை. ஆற்றை நினைக்கலாம். நினைத்துவிட்டு ஓவியத்துக்குத் திரும்பி வர வேண்டும்.

'காதலர்க'ளில் அதே ஆண்டில் வரைந்த இன்னொன்று அவுஸ்திரேலியாவின் கன்பெராவிலுள்ள தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதே இருவர், அதே துணி. இம்முறை அறை இல்லை; பின்னால் பசுமையான வெளி. முத்தமும் இல்லை. தலையோடு தலை சாய்த்து, விடுமுறைக்குப் போன இடத்தில் படம் பிடிக்க நிற்கும் புதுத் தம்பதிகளைப்போல், நம்மை நோக்கி நிற்கிறார்கள். முத்தமிடும் இருவருக்காவது ஒருவருக்கொருவர் முகம் தேவைப்படாதிருக்கலாம். இவர்கள் முகம் காட்டுவதற்கென்றே வந்து நிற்கிறார்கள். துணிக்குப் பின்னால் சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் நான் உற்றுப் பார்க்கிறேன்.